அண்ணிக்கு நான் சொல்லாத இரண்டாம் பாதி

பஸ் ஏறியதும் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஜன்னலோரம் பிடிக்கும் என் அருமை அண்ணிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்காக மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. முதல் தாளில் 'நலமா' என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவதில் ஒரே அழுகை. மூன்றாவதில் எதுவுமே எழுதாமல் ஓரத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும்போது ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

படிக்கிறவர்கள் அண்ணியை 'நீ' என்கிறாளே என்று நினைக்கக் கூடாது. வீட்டில் நாலு பேர் முன்னால் நீ எனக்கு 'நீங்க'தான். திருப்போரூரில் செங்கல்பட்டு பஸ் ஏறி, கண்டக்டர் விசில் ஊதியதும் 'நீ' ஆகிவிடுவாய். திரும்பி வந்து இறங்கியதும் மறுபடி 'நீங்க'. பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் நமக்கு நாக்குத் தடுமாறியதில்லை. இப்போதும் நாம் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

முதலில் சினிமாச் செய்தி. குடும்பச் செய்தியை முதலில் சொன்னால் உனக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா?

இப்போதெல்லாம் எந்தப் படத்துக்குப் போனாலும் சண்டை நடக்கும்போது நம் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். தியேட்டரே எழுந்து ஆடுகிறது. அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காத பிள்ளைகள்தான் அதிகம் ஆடுகிறார்கள். நீ இருந்திருந்தால், "புதுக் கொழம்பு வெக்க வக்கில்ல, பழைய கொழம்ப சூடு பண்ணி ஊத்துறானுங்கோ. ஆனா நல்லாத்தான்டி கீது" என்று சொல்லிவிட்டு நீயும் விசில் அடித்திருப்பாய். அப்புறம் எல்லாப் படமும் 'இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்' என்று முடிகிறது. முதல் பாகத்திலேயே யாரும் யாரையும் உருப்படியாகச் சந்திக்கவில்லை, இதில் இரண்டாம் பாகம் ஒரு கேடா?

பாட்டைப் பற்றி உன் மகள் பவியிடம் வாய் கொடுக்க முடியவில்லை. நல்லா இருக்கா என்று கேட்டால், "வைப் கீது அத்த" என்கிறாள், துள்ளல் இருக்கிறதாம். வைப் இருக்கிறது, சரணம் எங்கே போயிற்று? பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறாள். நாம் இருவரும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் சொருகிக்கொண்டு செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை ஐந்தே பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டோம் என்றால் நம்ப மறுக்கிறாள்.

உன் சட்டங்களையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கதாநாயகன் பத்துப் பேரைத் தூக்கி அடிக்கலாம், லாரி பறக்கலாம், உனக்கு ஆட்சேபம் இல்லை. கதாநாயகி ஜிமிக்கியோடு தூங்கினால் மட்டும் போச்சு. "காது இன்னாத்துக்கு ஆவும்?" என்று முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி கேட்பாய். யார் அழுதாலும் மூக்கு ஒழுக வேண்டும், ஒழுகாவிட்டால் அது அழுகை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோபம் வைத்திருந்தாய். சாவு வரும் படங்களின் மேல்.

"எவளாச்சும் செத்தா மாலை போட்ட போட்டோவ காட்றான். ஒரு சோகப் பாட்டு. 'பத்து வருடங்களுக்குப் பிறகு'ன்னு எழுத்துப் போட்டுடறான். ஏன்டா டேய், மறுநாளு காலைல அந்த வூட்ல நாஸ்தா யாரு செஞ்சது? அதக் காட்டுடா பாப்போம்!" என்பாய். திருப்போரூர் வந்து சேரும்வரை அந்த டைரக்டருக்கு அர்ச்சனை நடக்கும்.

பொய் சொல்வதில் நாம் பலே கூட்டாளிகள். மாமல்லபுரத்தில் சூட்டிங் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு துக்கம் விசாரிக்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனோமே, நினைவிருக்கிறதா? காலையிலிருந்து மணலில் காய்ந்தோம். கதாநாயகன் குடைக்கு அடியில் வந்து, ஒரு காலைத் தூக்கி ஆடிவிட்டு, மறுபடி குடைக்கு அடியில் போனான். மறுபடி வந்தான். அதே கால். "பாவம்டி கோமதி, ஒரே காலை ஏழு தபா தூக்கறான். உங்க அண்ணன் ஒரு தபா தூக்கினு வீடு பெருக்க வழி வுடுவாரா?" என்றாய். முகமெல்லாம் கறுத்து, கழுத்தில் ஆளுக்கொரு சங்கு மாலையோடு வீடு திரும்பினோம். அண்ணன் ஏற இறங்கப் பார்த்தார். "துக்க வூட்ல மாலை போட்டு அனுப்ச்சாங்களா?" என்று கேட்டார். நீ அசரவில்லை. "ஆமா, நல்ல சாவு" என்றாய்.

ஊருக்கெல்லாம் பொய் சொல்வோம், நமக்குள் பொய் கிடையாது. அதிலும் படத்தின் கதையில் பொய்யே கூடாது. படம் பார்த்தவர் பார்க்காதவருக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது மூன்று படம் சொன்னாய். எழுத்து ஓடுவதிலிருந்து, எங்கே பாட்டு, எங்கே மியூசிக், வில்லன் என்ன கலர் சட்டை என்பது வரைக்கும். நடுவில், "இந்த எடத்துல கால் மணி நேரம் போரு. நீயும் கொஞ்ச நேரம் போர் அடிச்சிக்கினு இரு" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அப்படிப்பட்ட உனக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், பார்த்தாயா?

போன வருஷம் பெரிய டாக்டர் உன்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போய் வேண்டியதைச் செய்து கொடுங்கள் என்றார். வெளியே வந்தோம். நீ எங்கள் முகத்தையே பார்த்தாய். "ஒண்ணுமில்ல, ரத்தம் கம்மியாம். மாதுளம்பழம் துன்னா சரியாப் பூடுமாம்" என்றார் அண்ணன். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து உன்னைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் மாதுளம்பழத்தோடு வந்தார்கள். கேளம்பாக்கம் மார்க்கெட்டிலிருந்து கடப்பாக்கம் சொந்தக்காரர்கள் வரைக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும். உன்னிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பவி எதையாவது கேட்க வாயெடுத்தால் நானே கண்ணால் அடக்கினேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். இட்லிக் கடை நடத்துகிற ஒரு பெண்ணின் கதை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். "என்னால ஒக்கார முடியாது. நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லணும்" என்றாய். செங்கல்பட்டில் மேட்னி. பதினேழு வருஷத்தில் முதல் முறையாகத் தனியாகப் போய் உட்கார்ந்தேன்.

முதல் பாதி கலகலவென்று போயிற்று. அந்தப் பொம்பளை பேச்சில் உன்னை மாதிரியே ஒரு துடுக்கு. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு மயக்கம் வருகிறது. ஆஸ்பத்திரி. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்து, "நீங்க மட்டும் உள்ள வாங்க" என்கிறார். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது.

நான் ஓடி வந்துவிட்டேன், அண்ணி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சத்தை என்னால் பார்த்திருக்கவும் முடியாது, உன்னிடம் வந்து சொல்லியிருக்கவும் முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து இரண்டாம் பாதியை நானே தைத்து முடித்தேன்.

உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வெளிநாட்டிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், பதினாறு மணி நேரம் ஆபரேஷன் நடக்கிறது, அவளுடைய சின்னப் பெண் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்கிறாள், அம்மா பிழைத்து வீட்டுக்கு வருகிறாள், தெருவே ஒரு குத்துப் பாட்டுக்கு ஆடுகிறது, சுபம். மியூசிக்கைக்கூட வாயால் போட்டேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். முடித்ததும் கண்ணைத் திறந்தாய்.

"பொழைக்க வெச்சிட்டானா?"

"ஆமா. சூப்பரா முடிச்சிட்டான்."

"அவ்ளோதான் அவனுக்குத் தெகிரியம்" என்றாய். "முப்பத்தஞ்சு மார்க்கு குட்து பாஸ் பண்ணி வுடு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கதையை அப்படியே, குத்துப் பாட்டு உட்பட, நீ பவிக்குச் சொன்னாயாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாயாம். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாய்.

இப்போது சித்திரை முதல் நாள் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். வடை, பாயசம் எல்லாம் வைத்துக்கொண்டு உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். எனக்கு இரண்டாம் பாதி தெரியாது என்பதே மறந்துவிட்டது என்றால் நம்புவாயா? நான் கட்டிய கதை அவ்வளவு தூரம் எனக்கே பழகிப்போயிருந்தது. இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷத்தில் அந்தப் பொம்பளை செத்துப்போனாள்.

"அத்த, இது அந்தப் படம் இல்லியே" என்றாள் பவி. "அம்மா சொன்ன கதைல இவங்கோ பொழச்சி வருவாங்களே. குத்துப் பாட்டு வருமே."

"டிவிக்காக வெட்டி மாத்தியிருப்பான்" என்றார் அண்ணன்.

பவி என்னையே பார்த்தாள். பொய் சொல்லத் தெரிந்த இந்த முகம் அன்றைக்குக் கைவிட்டுவிட்டது.

"நீ படத்த முழுசா பாத்தியா அத்த?"

"இல்ல."

அவள் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். டிவியை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னா நெனச்சிகினு இருந்தீங்கோ? மாதுளம்பழத்துலயே தெரிஞ்சிருக்கும். யாருனா வாயத் தொறப்பாங்களான்னு பாத்துகினு இருந்தாங்கோ. அந்தக் கதைய உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தீன்னா, அத வெச்சி அம்மா எங்கிட்ட எதுனா சொல்லிட்டுப் போயிருப்பாங்கோ. நானும் எதுனா கேட்டிருப்பேன். கடைசி பன்னண்டு நாளும் எங்கிட்ட அந்தக் குத்துப் பாட்டையே பேசினாங்கோ அத்த."

உனக்குத் தெரியுமா, அண்ணி? தெரிந்துகொண்டுதான் என்னை அந்தப் படத்துக்கு அனுப்பினாயா? நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாயா? சுவர்ப் பக்கம் திரும்பியது என்னால்தானா? நாளெல்லாம் இதே கேள்விதான். டோக்கன் கொடுக்கும்போதும் இதேதான்.

மறுநாளே அந்தப் படத்தைப் போனில் தனியாகப் பார்த்தேன். இனி சொல்கிறேன். உனக்குச் சேர வேண்டியது இது.

அவள் சாவதைக் காட்டவில்லை. புருஷன் பிளாஸ்கில் டீ வாங்கப் போகிறான், திரும்பி வருகிறான், அவ்வளவுதான். பாட்டு கிடையாது, மாலை போட்ட போட்டோ கிடையாது, 'பத்து வருடங்களுக்குப் பிறகு' கிடையாது. அடுத்த காட்சி மறுநாள் காலை. நிஜமாகத்தான் சொல்கிறேன், மறுநாள் காலை! விஷயம் தெரியாத நாலு பேர் கடை வாசலில் தட்டோடு நிற்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் புருஷன் அடுப்பைப் பற்ற வைக்கிறான். இட்லி கல்லாக வருகிறது. யாரும் வாய் திறக்காமல் சாப்பிடுகிறார்கள். ஒரு கிழவர் மட்டும், "எறிஞ்சா மண்டை ஒடையும்யா" என்கிறார். பெரிய பையனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்ததற்காக அப்பன் அவனை ஓர் அறை விடுகிறான். அப்புறம் அப்பன் அழுகிறான், அண்ணி, மூக்கு ஒழுக ஒழுக அழுகிறான். சட்டையில் துடைக்கிறான். உனக்குப் பிடித்திருக்கும்.

நடுவில் கடை இடத்துக்காக ஒரு கோர்ட்டுக் கேஸ் வருகிறது. கால் மணி நேரம் போர். நீயும் கொஞ்சம் போர் அடித்துக்கொண்டிரு.

கடைசியில் ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "எங்கேம்மா, உங்கம்மாவைக் காணோம்?" என்று கேட்கிறார். அதுவரைக்கும் யார் கேட்டாலும் ஓடி ஒளிந்துகொள்ளும் சின்னப் பெண், முதல் முறையாக, "அம்மா செத்துப்போச்சு" என்கிறாள். "உங்களுக்கு எத்தினி இட்லி?" என்று கேட்கிறாள். படம் முடிந்தது. வாழ்நாள் முழுக்க நீ கேட்டுக்கொண்டிருந்த படத்தை ஒருவன் எடுத்தான். நான் அதைத் திருடிவிட்டு ஒரு குப்பையை உன் கையில் கொடுத்தேன்.

உன் வீட்டில் மறுநாள் காலை யார் நாஸ்தா செய்தது என்றும் சொல்லிவிடுகிறேன். யாரும் செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது, யாரும் தொடவில்லை. பவி ஒரு பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்த பிறகு அண்ணன் ஐடி கம்பெனிக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டப் போய்விட்டார். இப்போது அவரே சமைக்கிறார், சுமாராக இருக்கும். நீ அரைத்து வைத்த ரசப்பொடி தீர்ந்த அன்றைக்குப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரிலும் ஒரு ரசம் வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் அழுதார்.

பவி ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வந்தாள். உன் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேனர் அடிக்க அண்ணன் எழுதி வைத்திருக்கும் தாளைக் காட்டினாள். 'பொறுமையின் பூமாதேவியே' என்று ஆரம்பிக்கிறது. பொறுமையா? நீயா? டிக்கெட் வரிசையில் மூன்றாவது ஆளை முழங்கையால் குத்தியவளாச்சே நீ! இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள், "இதெல்லாம் வாணாம் அத்த. அம்மா நெஜமா எப்டி இருந்தாங்கோன்னு எனுக்கு சொல்லு. ஞாயித்திக்கெழம வரேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். நம் பொய்களையும், என்னோடு நீ இரண்டு மாதம் பேசாமல் இருந்ததையும், அண்ணனை விட்டுப் போய்விடுவதாகப் பெட்டி கட்டியதையும். ஒன்றில் மட்டும் தயங்குகிறேன். பவி வயிற்றில் இருக்கும்போது, வேண்டாம், எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம் என்று என் மடியில் படுத்து அழுதாய். அப்புறம் இரண்டு வயது வரைக்கும் அவளைக் கீழே விடாமல் சுமந்தாய். முதல் பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் அவளுக்கும் இனிக்கும், எனக்கும் சுலபம். சொல்லட்டுமா, வேண்டாமா? கேட்டால் சொல்ல நீ இல்லை.

கேட்டுக்கொள், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டால் அதையும் சொல்வேன். உன்னை நல்லவளாகத் திருத்தி எழுத மாட்டேன். அவள் கோபித்துக்கொண்டாலும், அழுதாலும், என் மேல் கையிலிருப்பதை விட்டெறிந்தாலும், அவள் கேட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் மகளுக்கு இருக்கிற ஒரே அத்தை,
உன் நாத்தனார் கோமதி